பாளையங்கோட்டை மேசையிலிருந்து கல்லிடைக்குறிச்சி சர்வருக்கு

கல்லிடைக்குறிச்சியில் அக்காவும் அத்தானும் அப்பளக் கடை நடத்துகிறார்கள். பில், ஆர்டர், உளுந்துக் கையிருப்பு, வர வேண்டிய பாக்கி எல்லாம் ஒரு பழைய கணினிக்குள் இருக்கின்றன. அதில் உபுண்டு சர்வர் 22.04 என்ற லினக்ஸ் இயங்குதளம் ஓடுகிறது. கடையின் மற்றக் கணினிகள் பிரௌசர் வழியாக அதிலிருந்துதான் கணக்கைப் பார்க்கின்றன. அந்தச் சர்வரில் ஏதாவது கோளாறு என்றால் பார்க்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். நான் இருப்பதோ பாளையங்கோட்டையில், சுமார் 35 கிலோமீட்டர் தள்ளி. செங்கோட்டை ரயிலைப் பிடித்துப் போய்த் திரும்பினால், ஐந்து நிமிட வேலைக்கு அரை நாள் கழிந்துவிடும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பேய்மழையில் தாமிரபரணி கரை புரண்டது. திருநெல்வேலி ஜங்ஷன் பகுதியே தண்ணீருக்குள் நின்றது. கடைக்குள் வெள்ளம் புகவில்லை. ஆனால் முந்தைய இரவின் காப்புப் பிரதி முழுமையாக எழுதப்பட்டதா என்று பார்க்க எனக்கு வழியே இல்லை. வீட்டு மேசையிலிருந்து அந்தச் சர்வரின் கட்டளை வரிக்குப் போக நிரந்தரமான பாதை ஒன்று அமைக்க வேண்டும் என்று அப்போது முடிவு செய்தேன். அந்த வேலையின் பதிவு இது.

திரையை அப்படியே இழுத்துக் காட்டும் மென்பொருள்கள் எத்தனையோ உண்டு. நான் அவற்றை வேண்டாம் என்றேன். சர்வரில் வரைகலைத் திரையே கிடையாது. கட்டளை வரியில் போவதும் வருவதும் வெறும் எழுத்துகள்தான். மழை நாளில் கைப்பேசி சிக்னல் ஒற்றைக் கோட்டுக்கு இறங்கிவிட்டாலும் வேலை நடக்கும். தொலைவிலுள்ள கணினியின் கட்டளை வரிக்கு மறையாக்கத்தோடு போவதற்கான நெறிமுறை எஸ்எஸ்ஹெச். 1995இல் பின்லாந்தின் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையமைப்பில் யாரோ கடவுச்சொற்களை ஒட்டுக்கேட்டது தெரிந்த பிறகு, அங்கே ஆய்வாளராக இருந்த தாத்து யூலோனன் எழுதியது. அதற்கு முன்பு இதே வேலைக்கு இருந்த டெல்நெட்டில் கடவுச்சொல் மறைப்பில்லாமல் அப்படியே போகும். கணினியில் ஒவ்வொரு சேவைக்கும் போர்ட் என்ற வாசல் எண் உண்டு. டெல்நெட்டுக்கு 23, கோப்பு அனுப்பும் எஃப்டிபிக்கு 21. நடுவில் காலியாக இருந்த 22 எஸ்எஸ்ஹெச்சுக்குக் கிடைத்தது. இன்று நாம் பெரும்பாலும் பயன்படுத்துவது ஓபன்பிஎஸ்டி குழுவினர் 1999இல் தொடங்கிய ஓபன்எஸ்எஸ்ஹெச். விண்டோஸில் முன்பெல்லாம் இதற்குப் புட்டி என்ற மென்பொருளை இறக்கிக்கொள்வோம். 2018 முதல் விண்டோஸ் 10இலேயே ஓபன்எஸ்எஸ்ஹெச் சேர்ந்து வருகிறது. என் டெஸ்க்டாப்பிலும் அதுதான், பவர்ஷெல்லைத் திறந்தால் போதும்.

முதல் வேலையைக் கடையிலேயே முடித்தேன். சர்வரில் ஓபன்எஸ்எஸ்ஹெச் சர்வரை நிறுவி, அதே ரூட்டரில் இருந்த பில் போடும் கணினியிலிருந்து உள்ளே நுழைந்து பார்த்தேன். வெளியிலிருந்து வர முயல்கிறவர்கள் இந்தப் படியைத் தாண்டிப் போகவே கூடாது. உள்வலையில் நுழைய முடிகிறது என்று உறுதியானால், பிறகு வரும் சிக்கல்கள் எல்லாம் பாதையைச் சேர்ந்தவை என்று பிரித்துவிடலாம்.

அடுத்தது, கடவுச்சொல்லுக்குப் பதிலாக நுழைய உதவும் சாவி. என் டெஸ்க்டாப்பில் எஸ்எஸ்ஹெச்-கீஜென் கட்டளைக்கு ஈடி25519 என்று வகையைக் குறிப்பிட்டு, ஒரு சாவி இணையை உருவாக்கினேன். தனிச் சாவி என் கணினியை விட்டு நகராது, அதற்கும் ஒரு நீண்ட கடவுத்தொடர் உண்டு. பொதுச் சாவியை மட்டும் சர்வரில், என் கணக்கின் ‘டாட் எஸ்எஸ்ஹெச்’ கோப்புறைக்குள் இருக்கும் ‘ஆத்தரைஸ்டு கீஸ்’ கோப்பில் சேர்க்க வேண்டும். லினக்ஸில் இதைச் செய்ய எஸ்எஸ்ஹெச்-காப்பி-ஐடி என்ற கட்டளை உண்டு, விண்டோஸில் கிடையாது. அதனால் அந்த ஒரு வரியை நகலெடுத்து ஒட்டினேன். ஒட்டும்போது வரி இரண்டாக மடியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பார்வைக்கு ஒரே வரிபோல் தெரிந்தாலும் நடுவில் ஒரு புதுவரிக் குறி புகுந்திருந்தால் சர்வர் அந்தச் சாவியை ஏற்காது.

என் வரி சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் சர்வர் சாவியைக் கண்டுகொள்ளாமல் கடவுச்சொல்லையே கேட்டது. டெஸ்க்டாப் பக்கம் ‘-வி’ சேர்த்துப் பேசவைத்தபோது, சாவியைக் கொடுத்தேன், ஏற்கவில்லை என்பதோடு நின்றுவிட்டது. காரணம் சர்வரின் ‘ஆத்’ பதிவுக் கோப்பில் இருந்தது: கோப்புறையின் உரிமை சரியில்லை, அதனால் மறுக்கிறேன் என்று ஒரே வரி. கணக்குக் கோப்புகளைப் பகிர்வதற்காக என் வீட்டுக் கோப்புறையில் யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று முன்பு எப்போதோ திறந்துவிடப்பட்டிருந்தது. அப்படி இருந்தால் வேறொருவர் சாவிக் கோப்பையே மாற்றிவிடலாம் என்பதால் எஸ்எஸ்ஹெச் அதை நம்ப மறுக்கிறது. மறுப்பதுதான் சரி. பகிர்வை வேறு இடத்துக்கு மாற்றி, எழுதும் உரிமை எனக்கு மட்டும் இருக்கும்படி வீட்டுக் கோப்புறைக்கு 755, ‘டாட் எஸ்எஸ்ஹெச்’சுக்கு 700, சாவிக் கோப்புக்கு 600 என்று உரிமைகளை வைத்ததும் கதவு திறந்தது. கேட்பவன் பக்கம் காரணம் சொல்ல மாட்டார்கள், சர்வரின் பதிவில்தான் சொல்வார்கள். இதைத் தெரிந்துகொண்டவர்களுக்குப் பாதி அலைச்சல் மிச்சம்.

பிறகு கடவுச்சொல் நுழைவை அடைக்க வேண்டும். சர்வர் பக்கம் ஓடும் எஸ்எஸ்ஹெச் நிரலான எஸ்எஸ்ஹெச்டியின் அமைப்புக் கோப்பில் ‘பாஸ்வேர்டு ஆத்தென்டிகேஷன்’ என்ற வரியை ‘நோ’ என்று மாற்றிச் சேவையை மறுதொடக்கம் செய்தேன். சோதித்தால் கடவுச்சொல்லுக்கு இன்னும் திறந்தே இருக்கிறது! ‘எஸ்எஸ்ஹெச்டி’ கட்டளையோடு பெரிய ‘டி’ (T) எழுத்தைச் சேர்த்து ஓட்டினால், உண்மையில் நடப்பில் இருக்கும் அமைப்பு முழுவதையும் அது அச்சிட்டுக் காட்டும். அதில் ‘எஸ்’ என்றே இருந்தது. உபுண்டுவின் நிறுவி, துணைக் கோப்புறை ஒன்றில் ‘50-கிளவுட்-இனிட்’ என்ற பெயரில் ஒரு சிறு கோப்பை வைத்து, அதில் கடவுச்சொல்லை அனுமதித்திருக்கிறது. முதன்மைக் கோப்பு அந்தத் துணைக் கோப்புகளைத் தன் தொடக்கத்திலேயே படித்துவிடும். எஸ்எஸ்ஹெச்டியில் ஒரே அமைப்பு இரண்டு இடத்தில் இருந்தால் முதலில் வந்ததே செல்லும். கடைசியில் வந்தது வெல்லும் என்று வேறு மென்பொருள்களில் பழகிய கைக்கு இது புதிது. ‘10’ என்று தொடங்கும் பெயரில் என் கோப்பை அதே கோப்புறையில் வைத்தேன், சரியாயிற்று. இணையத்தில் பலர் அமைப்புக் கோப்பை மாற்றியதோடு நிம்மதியாகிவிடுகிறார்கள். நடப்பில் இருப்பதை அச்சிட்டுப் பார்க்காமல் கதவு மூடிவிட்டது என்று நம்பாதீர்கள்.

இனிதான் பெரிய வேலை. கடைக்கு உள்ளூர்க் கேபிள் வழியாக வரும் ஃபைபர் இணைப்பு. ரூட்டரின் வெளிப்பக்க முகவரியைப் பார்த்தேன், 100.72 என்று தொடங்கியது. 100.64 முதல் 100.127 வரையிலான முகவரிகள், இணையச் சேவை தருவோர் பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரியின் பின்னால் அமர்த்துவதற்கென்றே 2012இல் ஒதுக்கப்பட்டவை. ரூட்டரில் போர்ட் திறந்துவிட்டாலும் வெளியிலிருந்து யாரும் அங்கே வந்து சேர முடியாது. நிலையான முகவரிக்குத் தனியாகப் பணம் கட்டலாம். ஆனால் எனக்குக் கடைச் சர்வரை நேராக இணையத்தின் முன்னால் நிறுத்துவதே பிடிக்கவில்லை. வெளியிலிருந்து உள்ளே போக முடியாவிட்டால் என்ன, உள்ளிருந்து வெளியே வரலாமே.

மும்பையில் ஒரு தரவு மையத்தில் சிறிய மெய்நிகர் சர்வர் ஒன்றை மாத வாடகைக்கு எடுத்தேன். கடைச் சர்வர் தானாகவே மும்பைக்கு ஓர் எஸ்எஸ்ஹெச் இணைப்பைப் போட்டு, மும்பையின் 2222ஆம் போர்ட்டுக்கு வருவதைத் தன் 22ஆம் போர்ட்டுக்குத் திருப்பிக்கொள்கிறது. இதற்குப் பெயர் தலைகீழ்ச் சுரங்கம். கட்டளையில் பெரிய ‘ஆர்’ எழுத்து. அந்த 2222 மும்பைச் சர்வருக்கு உள்ளே மட்டுமே தெரியும், உலகத்துக்குத் தெரியாது. சுரங்கத்துக்கென்று தனிக் கணக்கு, தனிச் சாவி. மும்பையில் அந்தச் சாவி வரியின் முன்னால் ‘ரெஸ்ட்ரிக்ட்’ என்று போட்டு, போர்ட் திருப்புதலை மட்டும் அனுமதித்து, அதிலும் எந்தெந்தப் போர்ட் என்று ‘பெர்மிட்லிஸன்’ மூலம் கட்டிவிட்டேன். ‘ரெஸ்ட்ரிக்ட்’ மட்டும் கட்டளை ஓட்டுவதைத் தடுக்காது என்பதால், எந்தக் கட்டளையும் ஓடாதபடி ‘கமாண்ட்’ வரம்பையும் சேர்த்தேன். கடைக் கணினியையே ஒருவன் தூக்கிக்கொண்டு போனாலும் அந்தச் சாவியால் மும்பையில் ஒரு கட்டளைகூட ஓட்ட முடியாது.

என் டெஸ்க்டாப்பின் எஸ்எஸ்ஹெச் அமைப்பில் ‘கடை’ என்ற பொருளில் ஒரு சிறு பெயர் வைத்து, ‘பிராக்ஸி ஜம்ப்’ வரியில் மும்பையைக் குறித்தேன். பெயரைத் தட்டினால் மும்பை வழியாகத் தாவி நேரே கடைக்குப் போகிறது. இதில் எனக்கு மிகப் பிடித்த விஷயம், மறையாக்கம் என் மேசைக்கும் கடைக்கும் நடுவில்தான் நடக்கிறது. மும்பைச் சர்வர் இடையில் வெறும் குழாய். உள்ளே போவதை அதனால் படிக்க முடியாது. என் தனிச் சாவியை அங்கே வைக்க வேண்டிய தேவையும் இல்லை. சாவியை இடைச் சர்வரில் நகலெடுத்து வைத்து அங்கிருந்து அடுத்த தாவல் தாவும் பழக்கம் உள்ளவர்கள் இன்றே அதை விட்டுவிட வேண்டும்.

வீட்டிலிருந்து முதன்முதலாகப் பெயரைத் தட்டியபோது, எல்லோரும் ‘எஸ்’ என்று அடித்துக் கடந்துபோகும் அந்தக் கேள்வி வந்தது: இந்தச் சர்வரின் அடையாளம் இதுவரை தெரியாதது, கைரேகை இது, தொடரலாமா? ‘எஸ்ஹெச்ஏ256’ என்ற தலைப்புக்குப் பின்னால் 43 எழுத்துகள். நான் பேசப்போவது கடைச் சர்வரோடுதானா, நடுவில் வேறு யாரோடுமா என்று எனக்குச் சொல்லக்கூடியது அந்த ஒரு வரிதான். அக்காவைத் தொலைபேசியில் அழைத்தேன். சர்வரின் திரையை இயக்கச் சொல்லி, தட்ட வேண்டியதை எழுத்தெழுத்தாகச் சொன்னேன். அதே கைரேகை அங்கே திரையில் வந்தது. அக்கா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தாள்: “பெரிய க்யூ, சின்ன எச், ஏழு, ஒரு சாய்வுக் கோடு...” நடுவில் நின்றுவிட்டாள். “இது பெரிய ‘ஐ’யா, சின்ன ‘எல்’லா? எனக்குப் பிரித்துத் தெரியவில்லையே தம்பி.”

“அதை விட்டுவிட்டு அடுத்ததைச் சொல் அக்கா, கடைசியில் அதற்கு வருவோம்.”

கடைசி வரை வாசித்தாள். சந்தேகப்பட்ட அந்த எழுத்தைப் பார்க்க, அதே திரையில் ‘ஐ’, ‘எல்’ இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் தட்டி ஒப்பிடச் சொன்னேன். “எல்தான், சந்தேகமே இல்லை” என்றாள். என் திரையிலும் அதுவே. அதன் பிறகுதான் ‘எஸ்’ என்று அடித்தேன். “இவ்வளவு நேரம் இதற்கா?” என்று பின்னாலிருந்து அத்தான் கேட்டது காதில் விழுந்தது. அத்தானுக்கு நான் சொன்ன பதில்: “அத்தான், கடையின் கணக்கு முழுவதும் இந்த வழியாகத்தான் வரப்போகிறது. வருவது நம் கடையிலிருந்துதான் என்று ஒரு தடவை பார்த்துவிட்டால், இனி ஒவ்வொரு தடவையும் கணினியே பார்த்துக்கொள்ளும்.” உண்மையும் அதுதான். அந்த அடையாளம் என் கணினியில் பதிந்துவிட்டது. இனி ஒரு நாள் அது மாறினால் பெரிய எச்சரிக்கையோடு இணைப்பு நின்றுவிடும். சர்வரில் இயங்குதளத்தைப் புதிதாக நிறுவினாலும் அப்படி வரும். அப்போதும் காரணம் தெரிந்த பிறகுதான் பழைய அடையாளத்தை நீக்க வேண்டும்.

எங்கள் பக்கத்தில் மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை முதல் மாலை வரை மின்சாரம் நிறுத்தும் நாள் உண்டு. யூபிஎஸ் அவ்வளவு நேரம் தாங்காது. முதல் மின்தடை இந்த ஏற்பாட்டுக்கு நல்ல பரிசோதனையாக அமைந்தது. மின்சாரம் வந்த பிறகும் கணினி தானாக எழவில்லை. கணினியின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயாஸில், மின்சாரம் திரும்பினால் இயக்கு என்ற அமைப்பை மாற்ற வேண்டியிருந்தது. தொலைவிலிருந்து ஆள விரும்பும் எந்தக் கணினிக்கும் இது அடிப்படை. எஸ்எஸ்ஹெச் எதையும் செய்யும், அணைந்த கணினியின் பொத்தானை மட்டும் அழுத்தாது.

யூபிஎஸ் தீர்ந்த சற்று நேரத்திலேயே மின்சாரம் திரும்பும்போது வேறொரு சிக்கல் தெரிந்தது. கடைச் சர்வர் எழுந்து மும்பையை அழைக்கும், ஆனால் 2222 ஏற்கெனவே பிடிக்கப்பட்டிருக்கிறது என்று பதில் வரும். பிடித்திருப்பது யார்? மின்சாரம் போனபோது அறுந்த அதே பழைய இணைப்பு. மறுமுனை ‘போய்வருகிறேன்’ என்று சொல்லாமலே மறைந்துவிட்டதால் மும்பை இன்னும் அது உயிரோடு இருப்பதாகவே நினைக்கிறது. மும்பையின் எஸ்எஸ்ஹெச்டியில் ‘கிளையன்ட் அலைவ் இன்டர்வல்’ 30 நொடி, எண்ணிக்கை 3 என்று வைத்தேன். பதில் வராத இணைப்பை அது ஒன்றரை நிமிடத்தில் கைவிட்டு, போர்ட்டை விடுவிக்கிறது. கடைப் பக்கத்தில் ‘சர்வர் அலைவ் இன்டர்வல்’ அதே 30. கூடவே, போர்ட் கிடைக்காவிட்டால் சும்மா ஒட்டிக்கொண்டிருக்காமல் வெளியேறிவிடு என்ற ‘எக்ஸிட் ஆன் ஃபார்வர்டு ஃபெயிலியர்’. இதை, லினக்ஸில் சேவைகளை நடத்தும் சிஸ்டம்டியின் ஒரு சேவையாக எழுதி, விழுந்தால் 15 நொடியில் மறுபடி எழு என்று சொல்லிவிட்டேன். அதன் பிறகு சுரங்கம் விழுந்து எழுவதற்கு யாருடைய கையும் தேவைப்படவில்லை.

இணைப்பு கிடைக்காதபோது வரும் பிழைச் செய்தியை வாசிக்கத் தெரிவது பெரிய சொத்து. ‘கனெக்‌ஷன் டைம்டு அவுட்’ என்றால் நான் அனுப்பியதற்குப் பதிலே இல்லை: பாதை அறுந்திருக்கிறது, அல்லது ஏதோ ஒரு ஃபயர்வால் சத்தமில்லாமல் விழுங்குகிறது. ‘கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு’ பெரும்பாலும் நல்ல செய்தி. அந்த முனை உயிரோடு இருக்கிறது, அந்தப் போர்ட்டில் கேட்பதற்குத்தான் ஆள் இல்லை. என் ஏற்பாட்டில் மும்பை வரை போய் அங்கே ‘ரெஃப்யூஸ்டு’ வந்தால், சுரங்கம் எழவில்லை என்று பொருள். கடையில் மின்சாரமோ இணையமோ இல்லை. உடனே அக்காவுக்கு ஒரு போன். ‘பெர்மிஷன் டினைடு, பப்ளிக் கீ’ என்றால் பாதை முழுவதும் சரி, பிரச்சினை சாவியில் அல்லது கோப்புறை உரிமையில். இந்த மூன்றையும் ஒன்றாகக் குழப்பி, ‘கனெக்ட் ஆகவில்லை’ என்று ஒரே சொல்லில் சொல்பவர்கள்தான் சாவி சரியில்லாதபோது ரூட்டரை அணைத்து அணைத்துப் போடுகிறார்கள்.

தொலைவிலிருந்து அமைப்பை மாற்றும்போது நான் விடாமல் பின்பற்றும் பழக்கம் ஒன்று உண்டு. கிணற்றில் இறங்குகிறவன் இடுப்புக் கயிற்றைக் கட்டாமல் இறங்க மாட்டான். நானும் திரும்பி வர வழி வைக்காமல் எஸ்எஸ்ஹெச்சையோ வலையமைப்பையோ தொட மாட்டேன். எஸ்எஸ்ஹெச்டியை மாற்றினால், மறுதொடக்கத்துக்கு முன்பு சிறிய ‘டி’ (t) எழுத்தோடு அதை ஓட்டி, இலக்கணப் பிழை இல்லை என்று பார்த்துக்கொள்வேன். மறுதொடக்கம் செய்தாலும் ஏற்கெனவே திறந்திருக்கும் இணைப்பு அறுவதில்லை. அதை அப்படியே வைத்துக்கொண்டு, இன்னொரு சாளரத்தில் புதிதாக நுழைந்து பார்த்த பிறகே பழையதை மூடுவேன். முகவரி, ரூட்டர் போன்றவற்றை மாற்ற ‘நெட்பிளான் ட்ரை’ என்ற கட்டளை இருக்கிறது. 120 நொடிக்குள் நான் உறுதி செய்யாவிட்டால் பழைய நிலைக்குத் தானே திரும்பிவிடும். சுரங்கச் சேவையைத் தொட வேண்டியிருந்தால், அதற்கு முன்பு 2223இல் இரண்டாவது சுரங்கம் ஒன்றை எழுப்பி, அதன் வழியாக உட்கார்ந்துகொண்டு முதலாவதைத் தொடுவேன்.

நீண்ட வேலைகள் எல்லாம் டிமக்ஸ் என்ற கருவிக்குள். தரவுத்தளக் காப்புப் பிரதி ஓடிக்கொண்டிருக்கும்போது என் வீட்டு இணையம் போய்விட்டால், சாதாரண இணைப்பில் அந்த வேலையும் நடுவழியில் செத்துப்போகும் ஆபத்து உண்டு. டிமக்ஸில் அது சர்வரிலேயே தொடர்ந்து ஓடும். மறுபடி நுழைந்து ‘அட்டாச்’ என்று சொன்னால் விட்ட இடத்தில் திரை நிற்கும். உறைந்துபோன சாளரத்தை மூட எண்டர், அலைக்குறி, புள்ளி என்று வரிசையாகத் தட்டினால் போதும்.

தமிழில் பெயர்கள் இருக்கும் தரவைக் கட்டளை வரியில் பார்க்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சர்வரின் மொழி அமைப்பு யூடிஎஃப்-8 ஆக இருந்தால் தரவு கெடாது. ஆனால் திரை கெட்டுப்போனதுபோல் தோன்றும். கட்டளை வரிச் சாளரம் எழுத்துகளைச் சமமான கட்டங்களில் அடுக்கப் பார்ப்பதால் கொம்பும் காலும் விலகி நிற்கும். வாடிக்கையாளர் பட்டியலில் ‘கோமதி’ மூன்று துண்டாகத் தெரிந்தாள். அதைக் கண்டு பதறித் தரவைத் திருத்தப் போகக் கூடாது. அந்த வரியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டினால் பெயர் முழுதாக இருக்கும். தமிழ்ப் பெயர்களைத் தரவுத்தளத்துக்குள் தாராளமாக வைக்கிறேன், கோப்புப் பெயர்களுக்கு மட்டும் ரோமன் எழுத்து.

மும்பைச் சர்வரின் பதிவுக் கோப்பை அவ்வப்போது வாசிக்கிறேன். ரூட், அட்மின், டெஸ்ட் என்று வாய்க்கு வந்த பெயர்களில் எங்கெங்கிருந்தோ இயந்திரங்கள் இரவு பகலாகத் தட்டிக்கொண்டே இருக்கின்றன. அங்கேயும் கடவுச்சொல் நுழைவு கிடையாது, முழு அதிகாரமுள்ள ரூட் கணக்குக்கு நுழைவு கிடையாது. தட்டிவிட்டுப் போகட்டும்.

மீதமிருப்பது ஒரு வேலை. உபுண்டு 22.04க்கான வழக்கமான ஆதரவு 2027 வரைதான். அதற்குள் அடுத்த பதிப்புக்கு ஏற்ற வேண்டும். எஸ்எஸ்ஹெச் வழியாக ஏற்றும்போது முதன்மை இணைப்பு அறுந்தால் உதவட்டும் என்று உபுண்டுவின் ஏற்றக் கருவியே 1022ஆம் போர்ட்டில் இன்னோர் எஸ்எஸ்ஹெச்டியை எழுப்பிக்கொள்ளும். அதற்கு மும்பையிலிருந்து ஒரு சுரங்கத்தையும் சேர்த்துவிட்டேன், ‘பெர்மிட்லிஸன்’ வரியையும் திருத்திவிட்டேன். இருந்தாலும் அந்த வேலையைப் பாளையங்கோட்டையிலிருந்து செய்வதாக இல்லை. வெயில் அடித்து அப்பளம் காயும் மாதத்தில் கடையில் ஆர்டர் நெருக்கும், ஐப்பசி கார்த்திகையில் மின்சாரத்தை நம்ப முடியாது. ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தான் கடையை அடைத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அன்று நேரிலேயே போகிறேன்.